திருவருகைக் காலத்தில் இறந்தவர்களுக்குப் பூசை உண்டா?

கேள்வி: கல்முனையிலிருந்து ஒரு வாசகி, 2024 நவம்பர் 19

அக்கா, அம்மா நவம்பர் 8 காலமானா. 31ஆம் நாள் டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பூசை கேட்கப் போன தம்பியிடம், "அது திருவருகைக் காலம், இறந்தவர்களுக்குப் பூசை இல்லை, நத்தார் முடிய வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னது சுவாமி இல்லை, அலுவலகத்தில் இருந்தவர். வெளிநாட்டிலிருந்து அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டார். சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லியாயிற்று. நத்தார் முடியும்வரை அம்மாவுக்காகச் செபிக்கக் கூடாதா?

நவம்பர் 19, இரவு

செபிக்கலாம். பூசையும் ஒப்புக்கொடுக்கலாம். திருவருகைக் காலம், அதாவது நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளின் காலம், அதைத் தடுக்கவில்லை. தம்பியை மறுபடி அனுப்பாதீர்கள், நீங்களே நேரில் சுவாமியிடம் போங்கள்.

அலுவலகத்தில் இருந்தவர் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது, அதனால்தான் குழப்பம். திருப்பலிப் புத்தகத்தின் பொது விதிகளில் 380, 381 என்ற இரண்டு எண்களைப் பார்த்தால் விளங்கும். பிரேதத்தை வைத்துச் செய்கிற அடக்கப் பூசை திருவருகைக் கால ஞாயிறுகளில் கிடையாது. தவக்கால ஞாயிறு, பாஸ்கா கால ஞாயிறு, கட்டாயம் பூசைக்குப் போகவேண்டிய கடன் திருநாளாக உள்ள பெருவிழா, பெரிய வியாழனிலிருந்து உயிர்ப்பு வரை, இந்த நாட்களிலும் கிடையாது. அப்படியான நாளில் அடக்கம் வந்தால் வாசகம், மன்றாட்டு, அடக்கச் சடங்கு எல்லாம் நடக்கும். பூசையை வேறொரு நாளில் வைப்பார்கள். 381ஆம் எண், இறந்தோருக்கென்று தனிச் செபங்களும் வாசகங்களும் உள்ள மற்றப் பூசைகளைப் பற்றியது. அவற்றுக்கும் திருவருகைக் காலத்தில் இடம் குறைவு.

உங்கள் தம்பி கேட்டது இவை இரண்டுமே இல்லை. அவர் கேட்டது பூசைக் கருத்து. அன்றைய ஞாயிறு பூசை ஞாயிறு பூசையாகவே நடக்கும், அதை அம்மாவுக்காக ஒப்புக்கொடுப்பார்கள். திருவருகைக் காலம் என்பதற்காக அதற்குத் தடை எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். பங்குத்தந்தை ஞாயிறுகளில் ஒரு பூசையைப் பங்கு மக்களுக்காகவே ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர் (திருச்சபைச் சட்டம் 534). உங்கள் கோயிலில் ஞாயிறு ஒரே பூசைதான் என்றால் அவர் தயங்குவது நியாயம். அப்படியானால் மன்றாட்டில் அம்மாவின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், கருத்தைச் சனி காலைப் பூசைக்கு எழுதுங்கள்.

சுவாமியின் உடுப்பு நிறத்தை அண்ணன் கேட்டால், அன்று ஊதா. இறந்தவர்களுக்கான பூசைக்கும் ஊதாதான் போடுவார்கள். விமானத்தால் வந்து இறங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை.

நவம்பர் 20

டிசம்பர் 8 வாசகங்களைப் புரட்டிப் பார்த்தேன். முதல் வாசகம் பாரூக்கு 5:1-9. எருசலேமைப் பார்த்து, துயரத்தின் ஆடையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடவுள் தருகிற மாட்சியை உடுத்திக்கொள் என்று தொடங்குகிறது. 31ஆம் நாளோடு துக்க உடுப்பை மாற்றப் போகிற குடும்பம் முன்வரிசையில் இருக்கும்போது! தங்கச்சி, அந்த வாசகத்தை உங்கள் வீட்டு ஆள் ஒருவர் வாசிக்கக் கேட்டு வாங்குங்கள். இறந்தோர் பூசைக்கென்று அச்சடித்து வைத்திருக்கிற வாசகங்களுக்குள் தேடினாலும் இதைவிடப் பொருத்தமாய் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

31 எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கேயும் இல்லை. பழைய இலத்தீன் பூசைப் புத்தகத்தில் 3, 7, 30ஆம் நாட்களுக்கென்று செபங்கள் இருந்தன. இப்போதைய விதியில் சலுகை உள்ளவை மரணச் செய்தி கேட்டபின் வைக்கும் பூசை, இறுதி அடக்கம், முதலாம் ஆண்டு நினைவு. நாங்கள் 31 எண்ணுவது அயலில் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்கிற சைவச் சனத்தோடு சேர்ந்து. பழைய சுவாமிமார் இதற்காகச் சண்டை பிடித்ததை நான் கண்டதில்லை. "எந்த நாளெண்டால் என்ன, சனம் கோயிலுக்கு வருகுதுதானே" என்று ஒருவர் சொன்னதுதான் ஞாபகம்.

நவம்பர் 23

இந்தத் திகதி என் வயதுக்காரருக்கு 1978 புயல். இருட்டில் கூரைத் தகரம் பறக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விடிந்து பார்த்தபோது எங்கள் ஒழுங்கையில் நிமிர்ந்து நின்ற தென்னை ஒன்றுகூட இல்லை. அந்த இரவில் இறந்தவர்களுக்காக எங்கள் தெருவில் ஒரு வீட்டார் இன்றைக்கும் வருடம் தவறாமல் பூசைக்குக் கொடுக்கிறார்கள். திருவருகைக் காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் தொடங்கும் என்பதால் இந்த நாள் எப்போதும் தப்பிவிடுகிறது. ஞாயிறில் வந்தால் கிறிஸ்து அரசர் பெருவிழாவோடு மோதும், அது வேறு கதை.

நவம்பர் இறந்தவர்களின் மாதம் என்கிறோம். எங்கள் பக்கத்தில் அது மழையின் மாதமும்தான். இரண்டாம் திகதி சேமக்காலைக்குப் போவதென்றால் சேறு. மெழுகுதிரி காற்றில் நூர்ந்துவிடும். பால்மா பேணியை ஒரு பக்கம் வெட்டி அதற்குள் திரியை வைக்கிற வித்தையை என் அம்மா கற்றுத் தந்தார். இப்போது கடையில் சீனாக்காரன் கண்ணாடிக் குவளை வந்துவிட்டது, ஆனாலும் பேணிதான் நின்று எரிகிறது.

முதலாம் திகதியிலிருந்து எட்டாம் திகதி வரை சேமக்காலையைச் சந்தித்து இறந்தவர்களுக்காகச் செபித்தால் பரிபூரணப் பலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதையும் நீக்கும் அருள்) உண்டு, அதை ஆத்துமாக்களுக்கு மட்டும்தான் கொடுக்கலாம். எங்கள் சனம் சேறு காயட்டும் என்று பார்த்து இருபதாம் திகதிக்குப் பிறகுதான் போகிறது. பலன் தவறினாலும் கல்லறை துப்புரவாகிறதே.

நவம்பர் 24, சின்னக் குறிப்பு

ஆத்துமாக்கள் திருநாளில் (நவம்பர் 2) ஒரே சுவாமி மூன்று பூசை வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கமா என்று கேட்டவருக்கு: இல்லை. 1915இல் திருத்தந்தை 15ஆம் ஆசீர்வாதப்பர் உலகம் முழுவதற்கும் கொடுத்த அனுமதி. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். அவ்வளவு சாவுக்கு ஒரு பூசை போதாது என்று அவர் நினைத்ததை மட்டக்களப்பாருக்கு விளக்கத் தேவையில்லை.

நவம்பர் 28

வெள்ளம். எங்கள் ஒழுங்கையில் முழங்கால் வரை. கோயில் மண்டபத்தில் சில குடும்பங்கள் இருக்கின்றன, சமையல் முறை போட்டிருக்கிறோம்.

காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் 26ஆம் திகதி உழவு இயந்திரத்தோடு வெள்ளம் அடித்துக்கொண்டுபோன மத்ரசாப் பிள்ளைகளின் செய்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாமா, அவர்கள் முஸ்லிம்களாயிற்றே என்று எங்கள் மண்டபத்தில் பருப்பு அரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார். சட்டம் 901 ஒரே வரி: உயிரோடிருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம். கத்தோலிக்கராக இருக்கவேண்டும் என்று அதில் இல்லை. மனிசி அரித்து முடித்த கையோடு காசை எடுத்துத் தந்தார்.

நேற்று 27. என்ன நாள் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. இந்தக் கிழமையில் பூசைக் கருத்துக் கொப்பியில் பெயர் எழுத என்னிடம் வருகிறவர்களை "யார், எப்படி" என்று நான் கேட்பதில்லை. பெயர் போதும்.

டிசம்பர் 1, முதல் ஞாயிறு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாய் எழுதப் போகிறேன்.

திருவருகைக் காலம் என்றால் பாலன் கூடு, நட்சத்திரம், கரோல் பழகுதல் என்றே எங்கள் சனத்தின் எண்ணம். ஆனால் இந்தக் காலம் இரண்டு துண்டு. டிசம்பர் 17இலிருந்து 24 வரைதான் பிறப்புக்கான நேரடி ஆயத்தம். அதற்கு முந்திய துண்டு ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பார்த்து நிற்கிறது: உலக முடிவு, விழித்திருத்தல், இறந்தோர் எழுதல். முதல் ஞாயிறு எந்த ஆண்டிலும் குழந்தையைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்படுவதில்லை.

இந்த வருடம் லூக்கா. 21ஆம் அதிகாரம், 25ஆம் வசனம். கடலும் அலைகளும் முழங்க, மக்களினங்கள் கலங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள் என்று வருகிறது. சுனாமி அடித்த கல்லடி, நாவலடி, டச்பார் சனம் இருக்கிற கோயிலில். சுனாமி 20ஆம் ஆண்டுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லாத ஞாயிறில்.

சுவாமி வாசித்துக்கொண்டு போனபோது எனக்கு முன் வாங்கிலிருந்த ஒருவர் எழும்பி வெளியே போனார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் நாவலடியில் பறிகொடுத்தவர். பிரசங்கம் முடிந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது திரும்பி வந்தார். வந்து, "இறந்தோர் உயிர்ப்பையும்" என்ற இடத்தைச் சத்தமாய்ச் சொன்னார். அல்லது எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ தெரியாது. பக்கத்தில் இருந்த என் மருமகள் ஒன்றும் வித்தியாசமாய்க் கேட்கவில்லை என்கிறாள்.

அந்த வாசகத்தைத் தவிர்த்திருக்கலாமே என்று பூசை முடிந்து வளவுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. தவிர்க்க முடியாது, ஞாயிறு நற்செய்தியைச் சுவாமி தன் விருப்பத்துக்கு மாற்றுவதில்லை. நான் தவிர்க்க விரும்பவும் இல்லை. அதே வாசகம் 28ஆம் வசனத்தில் தலை நிமிர்ந்து நில்லுங்கள் என்கிறது. பயப்படுத்துகிற பகுதியை வெட்டிவிட்டு அந்த ஆறுதலை மட்டும் வாசித்தால் அந்த மனிசன் திரும்பி வந்திருப்பாரா? அவருக்கு அது பொய்யாய்ப் பட்டிருக்கும்.

ஆகவே திருவருகைக் காலத்தில் இறந்தவர்களுக்கு இடமில்லை என்று சொல்கிறவர்களுக்கு இனி விதி எண் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முதல் ஞாயிறு நற்செய்தியை ஒருமுறை வாசித்துவிட்டு வரச் சொல்வேன்.

டிசம்பர் 3

காசு. இது வரும் என்று தெரியும்.

"பூசைக்குக் காசு வாங்குவது வியாபாரம்தானே" என்று கேட்ட தம்பிக்கு: வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக்கூடாது என்று சட்டம் 947 சொல்கிறது. 945, கொடுக்க வழியில்லாத ஏழைகளின் கருத்துக்கும் ஒப்புக்கொடுக்கச் சொல்கிறது. 948, தனித்தனியாய்க் காணிக்கை வாங்கினால் தனித்தனியாய்ப் பூசை வைக்கச் சொல்கிறது, காணிக்கை எவ்வளவு சிறிதானாலும். அப்படியென்றால் ஒரே பூசையில் முப்பது பெயர் வாசிக்கிறார்களே, அது? அதற்கு 1991இல் ரோமிலிருந்து ஓர் ஆணை வந்தது. கொடுக்கிறவர்களுக்குத் தெரிவித்து, அவர்கள் சம்மதத்தோடு, நாளும் நேரமும் அறிவித்துக் கூட்டாக ஒப்புக்கொடுக்கலாம், ஆனால் கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று அது சொன்னது (2025இல் இதற்குப் புதிய ஆணை வந்துவிட்டது). அதில் ஒரு பூசைக்குரிய காணிக்கையைத்தான் குரு தனக்கு எடுக்கலாம், மிச்சம் ஆயர் சொல்கிற தேவைக்குப் போகும். இது உங்கள் பங்கில் நடக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் பங்குச் சபையில் எழும்பி நின்று கேளுங்கள்.

பெயர் வாசிப்பைப் பற்றி எனக்கு வேறு முறைப்பாடு. கொப்பி என் கையில் இருப்பதால் தெரியும். காணிப் பிரச்சினையில் கதை பேச்சில்லாத அண்ணனும் தங்கச்சியும் ஒரே தகப்பனுக்கு ஒரே பூசையில் தனித்தனியாய் எழுதுவார்கள். இரண்டையும் சேர்த்து ஒருமுறை வாசித்தால் இரண்டு பேருக்கும் கோபம். இரண்டு முறை வாசித்தால், இறந்தவர் ஒருவர்தான் என்று தெரியாத சனத்துக்குக் குழப்பம். ஒரு முறை இருவர் பெயரையும் சொல்லி, "இவர்கள் இருவரும் தங்கள் அப்பாவுக்காக" என்று எழுதிக் கொடுத்தேன். பூசை முடிந்து வாசலில் இரண்டு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். என்னை முறைப்பதிலாவது ஒற்றுமை வந்தது.

இறந்தவர்களுக்காகக் காசு சேர்ப்பது புதுப் பழக்கமும் இல்லை. பழைய ஏற்பாட்டில் 2 மக்கபேயர் 12இல் படைத்தலைவன் யூதா தன் ஆட்களிடம் 2000 திராக்மா வெள்ளி தண்டி எருசலேமுக்குப் பாவம் போக்கும் பலிக்கு அனுப்புகிறான். யுத்தத்தில் செத்த தன் போர்வீரர்களுக்காக. அவர்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை, உடுப்புக்குள் சிலைகள் ஒளித்து வைத்திருந்தவர்கள்.

டிசம்பர் 5

இரவு நித்திரை வரவில்லை, இதை எழுதி முடித்தால் வரும்.

எங்கள் பங்கில் ஒரு அம்மா இருக்கிறார். மகன் 1990இல் கொண்டுபோகப்பட்டவன். அந்த வருடம் எங்கள் பகுதி என்னவாக இருந்தது என்று இளசுகளுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். செப்டம்பர் 5 வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து ஒரே நாளில் 158 பேரைக் கொண்டுபோனார்கள். அதற்கு முதல் மாதம் 15ஆம் திகதி, மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளில், அமெரிக்க யேசு சபைக் குரு யூஜின் ஹெபேர்ட் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டவர், கூடப் போன தமிழ்ப் பெடியனோடு சேர்த்துக் காணாமல் போனார். புனித மிக்கேல் கல்லூரிப் பெடியளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். இன்றுவரை இருவருடைய உடலும் இல்லை.

அந்த அம்மா ஒவ்வொரு டிசம்பரும் மகனின் பிறந்தநாளுக்குப் பூசை கொடுக்கிறார். "சுகத்துக்காக" என்று எழுதச் சொல்வார். இறந்தோர் பட்டியலில் அவன் பெயர் வந்தால் அவர் கோயிலுக்குள்ளேயே விழுந்துவிடுவார். சில வருடங்களுக்கு முதல் வெளிநாட்டிலிருக்கிற மகள் எனக்கு எடுத்துச் சொன்னாள், "ஆன்ரி, தம்பியின்ர ஆத்துமாவுக்கு ஒரு பூசை எழுதுங்கோ, அம்மாவுக்குத் தெரியவேண்டாம்" என்று. அதே கிழமையில்.

நான் எழுதினேன். தாயின் கருத்து ஞாயிறு, மகளின் கருத்து வார நாளில் விடியப்புறப் பூசை, பெயர் சத்தமாய் வாசிக்காமல். சுவாமியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவர், "இரண்டும் ஒரே இடத்துக்குத்தானே போகுது" என்றார்.

சட்டத்தில் பிழையில்லை. உயிரோடா இல்லையா என்று தீர்மானித்துவிட்டுத்தான் செபிக்கவேண்டும் என்று 901 கேட்கவில்லை. நான்காம் நற்கருணை மன்றாட்டில், எவருடைய நம்பிக்கையைக் கடவுள் மட்டும் அறிவாரோ அந்த இறந்தவர்களையும் நினைக்கிறோம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அந்த ஞாயிறில் தாய் என்னைப் பார்த்துத் தலையாட்டும்போது, அவருக்குத் தெரியாமல் அவர் மகனை நான் இறந்தவர்களோடு சேர்த்துவிட்டேன் என்று ஒரு பக்கம் குத்துகிறது. மற்றப் பக்கம், மகளுக்கும் அவன் தம்பிதானே? அவளுக்கும் அழ உரிமை வேண்டாமா? இந்த வருடமும் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 6

நேற்றையதற்கு வந்த பதில்களில் ஒன்று: "தாய்க்குச் சொல்லிவிடுங்கள், உண்மை விடுதலை தரும்." தம்பி, எந்த உண்மை? உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அந்தத் தாய்க்கு முதல் ஆளாய் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இன்னொருவர் தன் வீட்டில் அப்பா எப்போதும் "வழியில் இருக்கிறவர்களுக்காக" என்று செபமாலையில் ஒரு பரலோக மந்திரம் கூட்டிச் சொல்வார் என்றும், யாருக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை என்றும் எழுதியிருக்கிறார். இது நல்லது. இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 9

கல்முனைத் தங்கச்சி எழுதியிருக்கிறா. சுவாமி ஒரு பேச்சும் பேசாமல் ஏற்றுக்கொண்டாராம். பாரூக்கை வாசித்தது அண்ணனின் மகள், வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, தமிழை எழுத்துக்கூட்டி. "துயர ஆடை" வந்த இடத்தில் அப்பா அழுதிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எதிர்பார்த்ததைவிட இரட்டிப்புச் சனம், கத்தரிக்காய்ப் பால்கறி முதல் பந்தியோடு முடிந்ததாம்.

அடுத்த வருட ஆண்டு நினைவுக்கும் இப்போதே கேட்கிறா. 2025 நவம்பர் 8 சனிக்கிழமை, பொதுக்காலம் (திருவருகை, தவக்காலம் போன்ற சிறப்புக் காலம் இல்லாத நாட்கள்). முதலாம் ஆண்டு நினைவு என்பதால் இறந்தோருக்குரிய செபங்களோடே பூசை வைக்கலாம். காலைப் பூசையைக் கேளுங்கள். சனி மாலைப் பூசை ஞாயிறுக்குரியது. அந்த ஞாயிறில் இலாத்தரன் பேராலய அர்ப்பணிப்பு விழா வருகிறது, செபங்கள் எல்லாம் கட்டடத்தைப் பற்றியதாக இருக்கும்.

டிசம்பர் 16

நேற்று திருவருகைக் காலத்தின் மூன்றாவது ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு. ரோசா நிற மெழுகுதிரி கடைகளில் இல்லை, வெள்ளைத் திரிக்குக் கேக் நிறம் பூசிய பிள்ளைகளின் கைதான் ரோசாவானது. திரிகளை நட்டுவைக்கிற திருவருகை வளையத்துக்கு வழக்கம்போல் கடற்கரைச் சவுக்குக் கொப்பு. இந்த வளையம் 1839இல் ஹம்பேர்க்கில் விகேர்ன் என்ற லூத்தரன் போதகர் அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்று மறைக்கல்வி வகுப்பில் சொன்னேன். "அப்ப இது எங்கட இல்லையா?" என்று ஒருவன். எங்கள் சவுக்கு, எங்கள் திரி, இனி என்ன வேணும்?

கரோல் பிரச்சினைக்கு வருகிறேன். இந்த வருடம் சாவு நடந்த வீட்டுக்குக் கரோல் போகலாமா? எங்கள் பக்கத்தில் துக்க வருடத்தில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள், அயல் வீட்டார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். இளைஞர் அணி அந்த வீடுகளைத் தாண்டிப் போகிறது, மரியாதைக்காக. நல்ல எண்ணம்தான். ஆனால் அப்பா செத்த வருடம் எங்கள் படலையைத் தாண்டி மேளச் சத்தம் மெதுவாகி, அடுத்த வீட்டில் மறுபடி உரத்ததை நான் உள்ளே இருந்து கேட்டவள். அம்மா, "வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை இப்படிச் செய்கிறோம்: முதல் நாளே போய்க் கேட்பது. வேண்டும் என்கிற வீட்டில் மேளம் இல்லாமல் ஒரு பாட்டு, இறந்தவருக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறை மந்திரம், "நித்திய இளைப்பாற்றியை" சொல்லி முடித்து வெளிக்கிடுவது. நத்தார் பாப்பா வேடக்காரர் ஒழுங்கையில் நிற்பார். பதினொரு வீடுகளில் ஒன்பது "வாங்கோ" என்றன. நத்தார் பாப்பாவையும் உள்ளே விடச் சொல்லி ஒரு வீட்டில் பேரப்பிள்ளைகள் ஒரே அழுகை, விட்டோம்.

டிசம்பர் 23

நள்ளிரவுப் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்கிறவர்கள் கோயில் அறிவித்தல் பலகையைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் 2005க்குப் பிறகு காலைப் பூசைக்குத்தான் போகிறோம். அந்த வருட நத்தார் நள்ளிரவில் மட்டக்களப்பு புளியந்தீவு மரியன்னை பேராலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே கோயிலில்தான் 1988 ஜூன் 6 அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோவும் சுடப்பட்டார். அங்கே பாலன் கூட்டைப் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு இது தெரியவேண்டுமா என்று எனக்குள் இரண்டு மனம். இந்த வருடம் மூத்த மருமகனுக்குச் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "பூசையை முடிச்சவங்களா?" பதில் சொல்லவில்லை. யாராவது அன்றிரவு உள்ளே இருந்தவர்கள் எழுதினால் எழுதுங்கள், கட்டாயம் இல்லை.

டிசம்பர் 27

நேற்றுக் கோயில் நிறையச் சனம். சுவாமி சிவப்பு உடுப்பில் வந்ததும் குசுகுசுப்பு. சுனாமி 20ஆம் ஆண்டுக்குச் சிவப்பா என்று. டிசம்பர் 26 முதல் மறைசாட்சி புனித ஸ்தேவானின் விழா. விழா நாளில் இறந்தோர் பூசைக்கு மாற்ற முடியாது. கருத்து மட்டும் சுனாமியில் இறந்தவர்களுக்கு. கல் எறிந்து கொல்லப்பட்டவரின் கதையை வாசித்துவிட்டு இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள், ஊர் ஊராக. பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் பின்னால் இருந்த ஒருவர் ஊதாதான் சரி என்று இன்னும் பிடிவாதமாய் இருக்கிறார். இருக்கட்டும்.

2004இல் 26ஆம் திகதி ஞாயிறாக இருந்தது, திருக்குடும்ப விழா. காலைப் பூசைக்குப் போனவர்கள் உயிர் தப்பினார்கள் என்று சில வீடுகளில் சொல்வார்கள். வேறு வீடுகளில் பூசைக்குப் போகாததால் தப்பினோம் என்பார்கள். இரண்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? கடவுள் கணக்குப் பார்த்துக் காப்பாற்றினார் என்ற பேச்சை நான் எங்கள் வகுப்பில் விடுவதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல் போனார்கள், நாட்டிலேயே அங்கேதான் அதிகம். அவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

9.25க்கு இரண்டு நிமிட மௌனம். வீதியில் முச்சக்கரவண்டிகளும் நின்றன. ஒரு கைப்பேசி மட்டும் கரோல் மெட்டில் அடித்தது. யாருடையது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

டிசம்பர் 30

நேற்று மறைமாவட்டங்களில் 25 ஆண்டுக்கொருமுறை வரும் யூபிலி ஆண்டு (2025) தொடங்கிவிட்டது. யூபிலிப் பரிபூரணப் பலனை இறந்தவர்களுக்கு ஒப்புக்கொடுக்கலாமா என்பதற்கு: ஆம். அவர்களுக்காக மட்டும் என்றால் ஒரே நாளில் இரண்டாவது தடவை நன்மை (நற்கருணை) வாங்கி இரண்டாவது பலனும் பெறலாம் என்று விதிமுறை சொல்கிறது.

கனடாவிலிருந்து கேட்டவருக்கு: 2025இல் நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை. பொதுக்கால ஞாயிறு என்பதால் ஆத்துமாக்கள் நாள்தான் முன்னுக்கு வரும், அன்று ஞாயிறு பூசைகள் எல்லாமே இறந்தவர்களுக்கானவை. திருவருகைக் கால ஞாயிறுபோல் தடை இல்லை. பெயர்களை ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் அனுப்புங்கள். தமிழில் தட்டச்சு செய்து அனுப்புங்கள், குரல் பதிவாக வேண்டாம். போன தடவை ஒருவரின் பதிவில் பின்னால் தொலைக்காட்சி ஓடி, நாடகப் பாத்திரம் ஒன்றின் பெயரையும் கொப்பியில் ஏற்றியிருக்கிறேன். அதற்கும் நித்திய இளைப்பாற்றி கேட்டாயிற்று.